வெற்றுப் பக்கமும் பக்கம்தான்

2009இல் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று பெருங்குடி அலுவலகத்தில் என் மேசைமேல் இரண்டு மானிட்டர்களும் ஒரு ஹார்ட் டிஸ்கும் இருந்தன. ஹார்ட் டிஸ்க் பிரான்சிலிருந்து வந்திருந்தது. 13ஆம் நூற்றாண்டில் கன்றுத் தோலில் எழுதப்பட்ட ஒரு வழிபாட்டு நூலின் படங்கள் அதில் இருந்தன. 400க்குச் சற்றுக் குறைவு. நூலக அறிவியல் படித்துவிட்டு வந்த எனக்கு லத்தீனில் ஒரு சொல்கூடத் தெரியாது. தெரிய வேண்டியதில்லை என்று சொல்லித்தான் எடுத்தார்கள். படம் கலங்கியிருக்கிறதா, ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறதா, கலர் சார்ட் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எந்த ஏடு, முன்பக்கமா பின்பக்கமா என்று கண்டுபிடித்துக் கோப்புக்குப் பெயர் வைக்க வேண்டும். எங்கள் ஆபீஸ் பேச்சில் இதற்கு க்யூசி என்று பெயர்.

எண் போடுவதில் என்ன கஷ்டம் என்று நானும் முதலில் நினைத்தேன். இடைக்கால ஐரோப்பியக் கையெழுத்து நூல்களில் பெரும்பாலும் எழுதியவர் எண் போட்டிருக்கமாட்டார். எத்தனையோ தலைமுறை கழித்து ஒரு நூலகர் வலது மேல்மூலையில் பென்சிலால் போட்டிருப்பார். அதுவும் பக்கத்துக்கு இல்லை, ஏட்டுக்கு. ஒரே எண்ணில் முன்பக்கம் ரெக்டோ, பின்பக்கம் வெர்சோ. நம் ஓலைச்சுவடியிலும் எண் ஏட்டுக்குத்தான் என்பதால் இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. பிடிபடாதவை வேறு. ஒரு நூலில் 57ஆம் ஏடு இரண்டு இருக்கும். எண் போட்டவர் கவனிக்காமல் விட்டு, பிறகு இரண்டாவதை 57 பிஸ் என்று ஆக்கியிருப்பார். ஒரு நூலில் பழைய மை எண் ஒன்று, புதிய பென்சில் எண் ஒன்று என இரண்டும் வெவ்வேறாக ஓடும். சுவிட்சர்லாந்தின் செயின்ட் கால்லன் மடத்து நூல்களில் ஏட்டு எண்ணே கிடையாது, நம் அச்சுப் புத்தகம் போலப் பக்க எண்தான்.

மூன்றாம் மாதம் நான் ஒரு பிழை செய்தேன். பைண்டு செய்தபோது முன்னால் சேர்த்த வெற்று ஏட்டை 1 என்று எண்ணிவிட்டேன். அதிலிருந்து கடைசி ஏடு வரை எல்லாம் ஒன்று தள்ளிப் போயிற்று. மேலே பார்த்தவர்களும் கவனிக்கவில்லை. எட்டு மாதம் கழித்து அந்த நூலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஓர் ஆய்வாளர் எங்கள் கோப்புப் பெயரை நம்பி ஏட்டு எண்ணைத் தம் கட்டுரையில் கொடுத்திருக்கிறார், கட்டுரை அச்சாகியும் விட்டது. நேரில் போய் அந்த நூலைத் திறக்கிறவர் அங்கே வேறு பக்கத்தைத்தான் பார்ப்பார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரை, ஏட்டின் மூலையை முழு அளவில் பெரிதாக்கிக் கண்ணால் பார்க்காமல் ஓர் எண்ணையும் தட்டியதில்லை.

எங்கள் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஓய்வுபெற்ற நூலகர். ஒருமுறை, எழுத்தில்லாத பக்கங்களின் படங்களை நீக்கிவிடலாமா என்று அவரிடம் கேட்டேன். இடம் மிச்சமாகும் என்பது என் கணக்கு. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "வெத்துப் பக்கம்னு யாரும்மா சொன்னது? எழுத்து இல்லைன்னு சொல்லு. ஒண்ணுமே இல்லைன்னு சொல்லாதே."

அதன் பொருள் புரியச் சில மாதங்கள் ஆயின.

தோலுக்கு இரண்டு பக்கம் உண்டு. மயிர் இருந்த பக்கம் சற்று மஞ்சள். பெரிதாக்கினால் மயிர்க்கால்களின் புள்ளிகள் மணல் தூவியதுபோலத் தெரியும். சதையை ஒட்டிய பக்கம் வெளுப்பு, வழவழப்பு. தோல் தாள்களை மடித்து ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிக் கட்டு ஆக்குவார்கள். முறையாகச் செய்த நூலை எங்கே விரித்தாலும் மயிர்ப்பக்கத்துக்கு எதிரே மயிர்ப்பக்கம் இருக்கும், சதைப்பக்கத்துக்கு எதிரே சதைப்பக்கம். விரித்த இரு பக்கங்களும் ஒரே நிறமாகத் தெரிவது இதனால்தான். ஒரு கட்டு முடியும் இடத்தில், கடைசிப் பக்கத்தின் அடியில், அடுத்த கட்டின் முதல் சொல்லைச் சிறிதாக எழுதி வைப்பார்கள். பைண்டு செய்பவருக்கு லத்தீன் தெரியாவிட்டாலும் கட்டுகளை வரிசை மாறாமல் அடுக்கலாம். அந்தாதி தெரிந்த நமக்கு இதை விளக்கவே வேண்டாம்.

ஒரு நாள், 15ஆம் நூற்றாண்டு நூல் ஒன்றில், 112ஆம் ஏட்டின் பின்பக்கத்தையும் 113ஆம் ஏட்டின் முன்பக்கத்தையும் அருகருகே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் மஞ்சள், வலப்பக்கம் வெளுப்பு. விளக்கு மாறியிருக்கும் என்று கலர் சார்ட்டைப் பார்த்தேன். இரண்டிலும் ஒரே மாதிரி. 112இன் அடியில் கட்டு இணைப்புச் சொல் இருந்தது. 113 வேறு சொல்லில் தொடங்கியது. எனக்கு லத்தீன் தெரியாது, ஆனாலும் இரண்டும் ஒரே எழுத்துக்கோவை இல்லை என்பது கண்ணுக்குத் தெரிந்தது. பென்சில் எண்களோ 112, 113 என்று ஒழுங்காக ஓடின. ஆக, நடுவிலிருந்த ஏடு போன பிறகுதான் யாரோ எண் போட்டிருக்கிறார்கள். நூலகத்துக்கு எழுதினோம். பத்து நாளில் பதில் வந்தது: புதிய கட்டின் முதல் ஏடு இல்லை, அவர்களுடைய விவரக் குறிப்பில் இது பதிவாகவில்லை, சேர்த்துக்கொள்கிறோம். சென்னையில் ஐந்தாம் மாடியில் உட்கார்ந்துகொண்டு, நேரில் பார்த்தே இராத ஒரு நூலில் ஏடு காணாமல் போயிருப்பதைக் கண்டுபிடித்த அந்த நாளில்தான் இதை என் தொழிலாக ஏற்றுக்கொண்டேன்.

அந்தக் காலத்தில் எங்களுக்கிருந்த பெரிய எரிச்சல், ஒவ்வொரு நூலகமும் தன் படங்களைத் தனக்கென்று கட்டிய ஒரு பெட்டிக்குள் வைத்திருந்ததுதான். ஒரு தளத்தில் பக்கம் புரட்டுவது போல அசைவு வரும். இன்னொன்றில் ஒரு மூலையை மட்டும்தான் பெரிதாக்க முடியும். வேறொன்றைத் திறக்கத் தனி மென்பொருள் ஏற்ற வேண்டும். ஒரே நூலின் இரண்டு பிரதிகள் ஒன்று ஆக்ஸ்ஃபோர்டிலும் ஒன்று பாரிசிலும் இருந்தால் அவற்றைப் பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட வழியே இல்லை. உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பிப்பதற்கு முன் பிரதி தேடி ஊர் ஊராக அலைந்த கதை நமக்குத் தெரியும். அவருக்குத் தடையாக இருந்தது தூரம். எங்கள் காலத்தில் தூரம் இல்லை, படங்களும் இருந்தன. ஆனாலும் ஒப்பிட முடியவில்லை.

2011இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம், ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகம், பிரிட்டிஷ் நூலகம், பிரான்சின் தேசிய நூலகம், நார்வேயின் தேசிய நூலகம், கார்னெல் பல்கலைக்கழகம் முதலிய இடங்களின் ஆட்கள் கூடி, படங்களைப் பகிர ஒரு பொது ஒழுங்கு வகுக்கத் தொடங்கினார்கள். இன்டர்நேஷனல் இமேஜ் இன்டர்ஆப்பரபிலிட்டி ஃப்ரேம்வொர்க் என்பது அதன் பெயர். வாயில் நுழையாத பெயர் என்பதால் தொழிலில் இருப்பவர்கள் ட்ரிபிள் ஐ எஃப் என்பார்கள். எங்கள் அலுவலகத்துக்கு அது வந்து சேர 2015 ஆயிற்று.

அது என்ன செய்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் ஒரு படத்தின் முகவரியைக் காட்டுவேன். பிரௌசரின் மேலே தெரியும் அந்த நீண்ட வரியின் கடைசியில் ஐந்து துண்டுகள் இருக்கும். படத்தின் எந்தப் பகுதி, எந்த அளவில், எத்தனை பாகை திருப்பி, எந்த நிறத் தரத்தில், எந்தக் கோப்பு வடிவில் வேண்டும் என்பதை அந்த ஐந்தும் சொல்கின்றன. பகுதி என்ற இடத்தில் 1200,800,600,300 என்று எழுதினால், இடது ஓரத்திலிருந்து 1200 புள்ளி தள்ளி, மேலிருந்து 800 புள்ளி இறங்கி, 600 அகலமும் 300 உயரமும் உள்ள ஒரு துண்டு வரும். நூலகத்தில் இருக்கும் மூலப்படம் 100 எம்பியைத் தாண்டும். நமக்கு வருவது கேட்ட துண்டு மட்டும். எந்த மென்பொருளும் வேண்டாம். முகவரியில் எண்ணை மாற்றித் தட்டினால் போதும்.

இதன் அருமை புரிய, செய்துதான் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்தின் ஓரத்தில் நக அளவில் ஒரு முயல் வரைந்திருக்கிறது என்று வையுங்கள். அந்த முயலுக்கு மட்டும் இப்போது ஒரு நிரந்தர முகவரி இருக்கிறது. அதை நான் உங்களுக்கு அனுப்பலாம், நீங்கள் உங்கள் மாணவருக்கு அனுப்பலாம். மூவரும் பார்ப்பது ஒரே முயலை, நூலகத்தின் மூலப்படத்திலிருந்து. யாரும் எதையும் நகலெடுத்துத் தம் கணினியில் வைத்துக்கொள்ளவில்லை. படத்தைக் கொடுத்த நூலகங்கள் முன்பும் இருந்தன. படத்துக்கு முகவரி கொடுத்ததுதான் இந்தத் தொழிலில் என் காலத்தில் நடந்த பெரிய மாற்றம் என்று நினைக்கிறேன். நுணுக்கமான கேமராக்களைக்கூட அதற்கு அடுத்துத்தான் வைப்பேன்.

முகவரியின் மூன்றாம் துண்டு, திருப்புவது, முதலில் எனக்கு ஒரு வசதியாக மட்டுமே பட்டது. ஓரக்குறிப்புகளைத் தலைகீழாக எழுதியிருந்தால் 180 என்று போட்டுப் படிக்கலாம். அந்த எண்ணுக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி சேர்த்தால் படம் கண்ணாடியில் தெரிவது போல இடவலமாக மாறும் என்று விதிப் புத்தகத்தில் இருந்தது. இது யாருக்கு உதவும் என்று அதைக் கடந்து போய்விட்டேன்.

பிறகு ஒரு நூலின் அட்டை உட்புறம் வந்தது. மரப்பலகை. பட்டியலில் அதை "வெற்று" என்று குறித்திருந்தார்கள். இடைக்கால பைண்டர்கள் பயன்படாத பழைய ஏடுகளைக் கிழித்து அட்டைக்குள் ஒட்டுவது வழக்கம். இந்தப் பலகையிலும் எப்போதோ ஓர் ஏடு ஒட்டியிருந்திருக்கிறது, பின்னால் யாரோ பிய்த்து எடுத்துவிட்டார்கள். ஆனால் மை மரத்தில் இறங்கியிருந்தது. பெரிதாக்கியபோது மங்கலாக வரிகள் தெரிந்தன, எல்லாம் இடவலம் மாறி. பூஜ்யத்துக்கு முன்னால் ஆச்சரியக்குறி போட்டுத் தட்டினேன். நிறத் தரத்தில் சாம்பல் என்று மாற்றினேன். நடுவில் ஓர் இடத்தில் டி, என், எஸ் என மூன்றே எழுத்துகள், அவற்றின் தலைக்குமேல் ஒரு கோடு. அதற்குள் அது எனக்குப் பழகிய சொல்லாகியிருந்தது. தோமினுஸ், ஆண்டவர். புத்தகமே காணாமல் போய், கிழித்து ஒட்டிய ஏடும் போய், மரத்தில் பதிந்த நிழலிலிருந்து ஒரு சொல் திரும்பி வந்தது. எழுந்து போய் எங்கள் குழுத் தலைவர் சாரைக் கூப்பிட்டேன். அவர் வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றும் சொல்லவில்லை.

லத்தீன் நான் முறையாகப் படிக்கவில்லை. எழுத்தைத்தான் கற்றேன், படங்களைப் பார்த்துப் பார்த்து. தோல் விலை உயர்ந்தது, அதனால் சுருக்கி எழுதுவார்கள். பி எழுத்தின் காலில் குறுக்கே கோடு போட்டால் 'பெர்', அதே காலிலிருந்து இடப்பக்கமாக ஒரு வளைவு வந்தால் 'ப்ரோ'. உயிரெழுத்தின் மேல் கோடிட்டால் அடுத்து எம் அல்லது என் இருக்கிறது என்று பொருள். பிற்கால கோதிக் எழுத்தில் ஐ, யூ, என், எம் எல்லாமே ஒரே மாதிரியான குத்துக்கோடுகள். 'மினிமம்' என்ற சொல் ஒரு வேலியைப் போலத்தான் இருக்கும். எங்கே பிரிப்பது என்பதைச் சொல் தெரிந்தவரே சொல்ல முடியும். புள்ளி வைக்காத ஓலையைப் படித்துப் பழகியவர்களுக்கு இந்தச் சிக்கல் அந்நியமாக இராது. க, க் இரண்டும் ஒன்றாகவே கிடக்கும் வரியை நம் முன்னோர் படித்தது மொழி தெரிந்ததால்தான்.

முகவரி படத்துக்கு. ஒரு நூல் முழுவதற்கும் மேனிஃபெஸ்ட் என்ற ஒன்று உண்டு. அது ஓர் எளிய எழுத்துக் கோப்பு. இந்த நூலின் பெயர் இது, இருப்பிடம் இது, ஏடுகளின் வரிசை இது, ஒவ்வொன்றின் படமும் இந்த முகவரியில் இருக்கிறது என்று அது சொல்லும். மேனிஃபெஸ்ட் எழுதுவதுதான் இப்போது என் முழுநேர வேலை. அதன் நடுவில் இருக்கும் ஒரு கருத்தை நான் மிகவும் மதிக்கிறேன். மேனிஃபெஸ்டில் ஒரு பக்கம் என்பது படம் கிடையாது. முதலில் நீள அகலம் மட்டுமுள்ள ஒரு வெறும் பரப்பு. அதற்குக் கேன்வாஸ் என்று பெயர். படத்தை அதன்மேல் பொருத்துகிறோம். ஒரு கேன்வாஸில் சாதாரண ஒளியில் எடுத்த படத்தையும் புற ஊதா ஒளியில் எடுத்ததையும் இரண்டையும் வைக்கலாம். வெவ்வேறு ஊர்களிலிருந்து வரும் துண்டுகளை ஒட்டவும் செய்யலாம். படமே இல்லாமலும் ஒரு கேன்வாஸ் இருக்கலாம். ஏடு தொலைந்துபோன இடத்தில் அப்படி ஒரு வெற்றுப் பரப்பை நிறுத்தி, இங்கே ஒன்று இருந்தது என்று பதிவு செய்யலாம். 112க்கும் 113க்கும் நடுவே இதை எனக்குச் செய்யக் கிடைத்திருந்தால் என்று பலமுறை நினைத்ததுண்டு.

இதற்கு நல்ல உதாரணம் பிரான்சின் ஷாத்தோரு நகர நூலகத்திலுள்ள ஒரு நூல். பிரெஞ்சு அரசர்களின் வரலாற்றைச் சொல்லும் 'கிராந்த் குரோனிக்' என்ற புகழ்பெற்ற நூலின் 1460 வாக்கில் எழுதிய பிரதி அது. அதிலிருந்து ஓவியங்கள் பலவற்றை யாரோ கத்தியால் வெட்டி எடுத்துவிட்டார்கள். பக்கத்தின் நடுவில் சன்னல் திறந்ததுபோல ஓட்டை. அதன் வழியாக அடுத்த ஏட்டின் எழுத்து தெரியும். வெட்டிய ஓவியங்களில் சில பாரிசில், பிரான்சின் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. பிப்லிஸிமா என்ற பிரெஞ்சுத் திட்டத்தில் இருந்தவர்கள் ஷாத்தோருவின் பக்கத்தைக் கேன்வாஸில் வைத்து, ஓட்டை இருக்கும் இடத்தில் பாரிசிலிருந்து வரும் ஓவியத்தைப் பொருத்தினார்கள். ஸ்டான்ஃபோர்டும் ஹார்வர்டும் சேர்ந்து உருவாக்கிய மிராடோர் என்ற பார்வைக் கருவியில் அதைத் திறந்தால், வெட்டுப்பட்ட பக்கம் ஓவியத்தோடு முழுதாக நிற்கும். நூலும் இடம் பெயரவில்லை, ஓவியமும் பெயரவில்லை. நான் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்குக் காட்டும் முதல் பக்கம் இதுதான்.

வெட்டுவதைப் பற்றிப் பேசினால் ஆட்டோ எகே பற்றிச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் கிளீவ்லாந்தில் கலைப்பள்ளி ஆசிரியர், சேகரிப்பாளர், 1951இல் இறந்தவர். இடைக்கால நூல்களை வாங்கி ஏடு ஏடாகப் பிரித்து விற்றார். அவர் பிரித்த ஏடுகளிலிருந்து 50 நூல்களுக்கு ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பெட்டி, இப்படி 40 பெட்டிகள் தயாராயின. ஒரு முழு நூலை வாங்க முடியாத சிறு பள்ளிகளும் நூலகங்களும் ஓர் ஏட்டையாவது கண்ணால் பார்க்கட்டும் என்பது அவருடைய வாதம். அந்தப் பெட்டிகளில் 15ஆம் ஏடாக இருப்பது பொவே மிஸ்ஸல் என்ற வழிபாட்டு நூலின் ஏடு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய அந்த நூலை 1356இல் ரொபேர் த அங்கே என்ற குரு பொவே நகரப் பேராலயத்துக்குக் கொடுத்தார். கைமாறிக் கைமாறி, பத்திரிகை அதிபர் வில்லியம் ராண்டால்ஃப் ஹெர்ஸ்டிடம் வந்து, அவரிடமிருந்து விற்கப்பட்டு, 1942இல் பிரிந்தது. 300க்கு மேற்பட்ட ஏடுகள் சிதறின.

லிசா ஃபேகின் டேவிஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அவற்றை ஒவ்வொன்றாகத் தேடி, படங்களை இந்தப் பொது ஒழுங்கில் கோத்து, நூலை மீண்டும் கட்டி வருகிறார். 100க்கும் மேற்பட்ட ஏடுகளைக் கண்டுபிடித்துவிட்டார். 2022இல் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் ஒரு வீட்டுச் சாமான் விற்பனையில் ஓர் ஏடு 75 டாலருக்குப் போனது. வாங்கியவர் அது இடைக்கால ஏடு என்பதை அடையாளம் கண்டுகொண்டார். எகேயின் வாதத்தை நான் ஏற்கவில்லை. ஓர் ஏட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு அதற்கு முன்னும் பின்னும் என்ன இருந்தது என்று தெரியாது. எந்தத் திருநாளுக்குரிய பாட்டு, யார் பாட வேண்டியது என்பது அடுத்த ஏட்டில் இருக்கும். எல்லோரும் பார்க்கட்டும் என்று அவர் உண்மையாகவே விரும்பியிருந்தால், அந்த விருப்பம் கத்தி இல்லாமல் இன்று நிறைவேறுகிறது. வெட்டியதை ஒட்ட மட்டும் இன்னும் ஒரு தலைமுறை ஆகும்.

வேலைக்காக இல்லாமல் எனக்காகவே நான் திறக்கும் நூல் ஒன்று உண்டு. செயின்ட் கால்லன் மடத்து நூலகத்தின் 904ஆம் எண் நூல். சுவிட்சர்லாந்தில் ஃப்ரிபூர் பல்கலைக்கழகத்திலிருந்து 2005 முதல் நடக்கும் இ-கோடிசெஸ் என்ற தளத்தில் அது முழுதாகக் கிடைக்கிறது. பிரிஸ்கியன் எழுதிய லத்தீன் இலக்கணம். 9ஆம் நூற்றாண்டின் நடுவில் ஐரிஷ் துறவிகள் எழுதிய பிரதி. மூலத்தைவிட அதன் வரியிடையும் ஓரமும்தான் என்னை இழுத்தன. இலக்கணத்தைப் படித்தவர்கள் வரிக்கு வரி பொடி எழுத்தில் உரை எழுதி வைத்திருக்கிறார்கள். லத்தீனிலும் உண்டு, தங்கள் சொந்த மொழியான பழைய ஐரிஷிலும் உண்டு. ஐரிஷில் மட்டும் 3,000க்கு மேல். நன்னூலுக்கு உரை எழுதிய மரபில் வளர்ந்த நமக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் உறவு தோன்றிவிடும்.

உரையோடு வேறு சிலவும் இருக்கின்றன. மை சரியில்லை என்று ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். புயலடிக்கும் ஓர் இரவைப் பற்றி ஓரத்தில் ஒரு சிறு பாட்டு இருக்கிறது. கடல் கொந்தளிப்பதால் இன்று வைக்கிங் கொள்ளையர் வரமாட்டார்கள் என்ற நிம்மதி அதன் பொருள். ஒரு பக்கத்தின் மேல் ஓரத்தில் ஓகம் எழுத்தில் ஒற்றைச் சொல். ஓகம் என்பது ஒரு நடுக்கோடும் அதன் குறுக்கே கீறல்களும். கல்லில் வெட்டுவதற்கு ஏற்ற எழுத்து. முகவரியில் எண்களைத் தட்டி அந்தக் கீறல்களைத் திரை முழுக்கக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக எண்ணினேன். மிதமிஞ்சிக் குடித்ததன் விளைவு என்று அந்தச் சொல்லுக்கு அறிஞர்கள் பொருள் சொல்கிறார்கள். முந்தைய இரவு குடித்துவிட்டு, மறுநாள் தலைவலியோடு இலக்கணம் எழுத உட்கார்ந்த ஒருவர், மேலதிகாரி எளிதில் படிக்க முடியாத எழுத்தில் அதைக் குறித்து வைத்திருக்கிறார். 1,150 ஆண்டுக்கு மேலாயிற்று. பேனா அழுத்திய இடத்தில் மை இன்னும் திட்டாக இருக்கிறது.

இந்த ஓரக்குறிப்புகளை முக்கிய ஆதாரங்களில் ஒன்றாகக் கொண்டு யோஹான் காஸ்பர் ஸொய்ஸ் என்ற ஜெர்மானியர் 1853இல் கெல்டிய மொழிகளின் இலக்கணத்தை வெளியிட்டார். கால்டுவெலின் திராவிட ஒப்பிலக்கணம் வந்தது 1856இல். மூன்றே ஆண்டு இடைவெளி. ஸொய்ஸ் அதற்காக நூலகம் நூலகமாகப் போய் உட்கார்ந்து எழுத வேண்டியிருந்தது. நான் வேளச்சேரியில், பிள்ளைகள் தூங்கிய பிறகு, சாப்பாட்டு மேசையில் அதே பக்கத்தைத் திறக்கிறேன். யார் நீ, எந்தப் பல்கலைக்கழகம் என்று என்னை யாரும் கேட்கவில்லை.

முகவரிக்கும் ஆயுள் உண்டு என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. 2023இல் ஒரு பெரிய நூலகத்தின் கணினிகள் தாக்குதலுக்கு உள்ளாகி, நான் கோத்திருந்த சில நூறு முகவரிகள் ஒரே நாளில் செத்தன. மிராடோரில் கேன்வாஸ்கள் வரிசையாகச் சாம்பல் நிறத்தில் நின்றன. அந்தப் பக்கங்களில் ஆய்வாளர்கள் எழுதிய குறிப்புகள் மட்டும் படமில்லாமல் அந்தரத்தில் இருந்தன. இன்னொரு நூலகம் மென்பொருள் மாற்றும்போது பழைய முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிட மறந்தது. கேட்டு எழுதியதற்குப் பதில் வரவே இல்லை. படம் எடுக்கப் பணம் ஒதுக்கும் நிறுவனங்கள், எடுத்த படத்தைப் பத்தாண்டு உயிரோடு வைத்திருக்கவும் ஒதுக்க வேண்டும். அது நடக்காத திட்டத்தை அரைத் திட்டம் என்றுதான் சொல்வேன்.

பிரான்சின் தேசிய நூலகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அவற்றில் பல, காலிகா என்ற அதன் தளத்தில் இதே முகவரி ஒழுங்கில் திறந்து கிடக்கின்றன. முதல்முறை அந்த ஓலை ஒன்றை, 15ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு நூலைத் திறந்த அதே மிராடோர் சன்னலின் இன்னொரு பாதியில் திறந்தேன். நீளவாக்கில் ஒரு கீற்று, இரண்டு துளைகள், இடது ஓரத்தில் தமிழ் எண். அதன் ஏட்டு எண்ணைச் சரிபார்க்க எனக்கு யாருடைய உதவியும் வேண்டியிருக்கவில்லை.

தமிழ்நாட்டில் இப்போது பல இடங்களில் சுவடிகளைப் படமெடுக்கிறார்கள். மடங்களில், நூலகங்களில், வீடுகளில் தன்னார்வலர்களே கேமராவோடு போகிறார்கள். அவர்களிடம் ஒரு தொழிலாளியாகக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு பக்கமும் எடுங்கள். பக்கத்தில் அளவுகோல் வையுங்கள். ஏட்டின் எண்ணைப் பார்த்துக் கோப்புக்குப் பெயரிடுங்கள், கேமரா கொடுத்த எண்ணை நம்பாதீர்கள். எழுத்தின்மேல் உங்கள் அமைப்பின் முத்திரையைப் பதிக்காதீர்கள். பிடிஎஃப் ஆக்கி மூலப்படத்தை அழித்துவிடாதீர்கள். கட்டையை எடுங்கள், கயிற்றை எடுங்கள், உடைந்த துணுக்கை எடுங்கள். முன்னாலும் பின்னாலும் இருக்கும் வெற்றோலைகளையும் விடாமல் எடுங்கள்.